மனதில் பக்தி இருந்தால் போதாதா, தண்ணீரும் எண்ணெயும் எதற்கு?

கேள்வி:

சாமி, நாங்கள் திருப்பூரில் குடியிருக்கிறோம். நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். சொந்த ஊர் கோபி பக்கம். இரண்டு வீடும் கத்தோலிக்கக் குடும்பம்தான். பையனுக்குப் பத்து மாதம் ஆகிறது, இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. மண்டபம் பிடித்து ஒறம்பரையை (சொந்தக்காரர்களை) எல்லாம் கூப்பிட்டுத்தான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஊரில் பேசுவார்கள் என்கிறார் மாமியார். அதற்குக் கையில் பணம் இல்லை. என்னோடு வேலை செய்கிற தோழியை ஞானத்தாயாக நிறுத்த எனக்கு ஆசை. பிரசவ சமயத்தில் ஆஸ்பத்திரியில் என் கூடவே இருந்தவள். அவளும் நம் கோவிலுக்கு வருகிறவள்தான். ஆனால் ‘அவ நம்ம சனம் இல்லை’ என்று வீட்டில் தடை. மாமனார் ஆயுசு முழுக்கக் காட்டு வேலை செய்தவர். மூன்று வாரமாகப் பக்கவாதத்தில் ஊரில் படுத்திருக்கிறார், பேச்சு இல்லை. சாமியாரைக் கூப்பிடலாம் என்றால் ‘சாமியார் வந்தா உசுரு போயிரும்’ என்கிறார்கள். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன். நைட் ஷிப்ட் முடியும்போது கேட்டில் வண்டியோடு நிற்பார். அவர் கேட்கிறார்: ‘மனசுல பக்தி இருந்தாப் போதாதா? தண்ணி, எண்ணெய், அப்பம் இதெல்லாம் எதுக்கு?’ வேறு சபைக்குப் போகிற அவர் நண்பர், பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கிற ஞானஸ்நானம் செல்லாது என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நானே கோவிலில் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. அக்காவோடு நிலத் தகராறு. இந்த மனசோடு போய் வாங்கத் தகுதி இல்லை என்று இருந்துவிட்டேன். தண்ணீர், எண்ணெய், அப்பம் என்று கோவிலில் கொடுக்கிற இந்த அருளடையாளங்கள் எல்லாம் உண்மையில் எதற்காக?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டும் காத்திருக்காது. மாமனாருக்கு நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசி வேண்டும் அருளடையாளம்) கொடுக்க ஊர்ப் பங்குத்தந்தைக்கு (ஊர்க் கோவில் சாமியாருக்கு) இன்றைக்கே போன் செய்யுங்கள். மாமியாரிடம் பேச உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் உங்கள் வீட்டுக்காரரைப் பேசச் சொல்லுங்கள். அப்பாவுக்கு மகன் செய்ய வேண்டிய காரியம் இது. அவராலும் முடியாவிட்டால் பங்குத்தந்தையிடமே சொல்லுங்கள், ‘சும்மா உடம்பைப் பார்த்துவிட்டுப் போக வந்தேன்’ என்று வீட்டுக்குள் வந்து, உங்கள் மாமியாரிடம் அவரே பக்குவமாகப் பேசிவிடுவார்.

சாமியார் வந்தால் உயிர் போய்விடும் என்ற பயம் உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. கொங்குப் பக்கம் நான் வேலை பார்த்த பங்குகளில் எல்லாம் கேட்டிருக்கிறேன், நன்றாகப் படித்தவர்கள் வீட்டிலும் கேட்டிருக்கிறேன். இந்தப் பயம் சும்மா வரவில்லை. பல நூற்றாண்டுகளாக இந்தப் பூசுதலைச் சாகக் கிடப்பவர்களுக்கு மட்டும்தான் கொடுத்துவந்தோம். அவஸ்தைபூசுதல் என்றுதான் நம் பாட்டிமார் சொல்வார்கள். மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகு ஆள் அனுப்புவார்கள், சாமியார் வந்து பூசிவிட்டுப் போவார், அன்று ராத்திரியோ மறுநாளோ உயிர் பிரியும். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எப்படித் தோன்றும்? கூப்பிட்டது தாமதம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. சாமியார் வந்தார், ஆள் போய்விட்டார் என்பது மட்டும் மனதில் நின்றுவிட்டது.

உலகெங்கும் உள்ள ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டில், இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரிய அருளடையாளம் அல்ல என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 1972இல் திருத்தந்தை (போப்) ஆறாம் பவுல் அதற்கேற்பச் சடங்கையும் மாற்றி அமைத்தார். உண்மையில் இது புதுப் போதனை இல்லை. யாக்கோபு திருமுகம் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். உங்களில் ஒருவர் நோயுற்றால் மூப்பர்களைக் கூப்பிடுங்கள், அவர்கள் ஆண்டவர் பெயரால் எண்ணெய் பூசி வேண்டட்டும், ஆண்டவர் அவரை எழுப்புவார் என்று இருக்கிறது. கடும் நோயில் இருப்பவர், வயதாகித் தளர்ந்தவர், பெரிய ஆபரேஷனுக்குப் போகிறவர் யாரும் இதைப் பெறலாம். தேறி வந்து மறுபடி படுத்தால் மறுபடியும் பெறலாம். அதே நோய் இன்னும் கடுமையானாலும் பெறலாம்.

என்ன நடக்கும் என்று மாமியாருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். கட்டில் பக்கத்தில் ஒரு சின்ன மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபமும் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவமும்) ஒரு மெழுகுதிரியும் வையுங்கள். பங்குத்தந்தை வந்து சமாதானம் சொல்லி, தீர்த்தம் தெளித்து, நற்செய்தியிலிருந்து நாலு வரி வாசிப்பார். பிறகு ஒன்றும் பேசாமல் மாமனாரின் தலைமேல் இரண்டு கையையும் வைப்பார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சிமிழை எடுப்பார். உள்ளே எண்ணெயில் ஊறிய பஞ்சு இருக்கும். ஆயர் புனித வாரத்தையொட்டிப் பேராலயத்தில் புனிதப்படுத்திக் கொடுத்த எண்ணெய் அது. பெருவிரலால் அதைத் தொட்டு நெற்றியில் சிலுவை அடையாளம் போடுவார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பூசுவார். மஞ்சள் காட்டிலும் கரும்புக் காட்டிலும் மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கைகள் அவை. பக்கவாதத்தில் ஒரு கை மடங்கிப் போயிருந்தால், அந்த விரல்களைப் பையப் பிரித்துவிட மகனே பக்கத்தில் உட்காரட்டும். பேரக் குழந்தையையும் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் பத்து, பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அவருக்குப் பேச்சு இல்லையே, அவராகக் கேட்கவில்லையே என்று யாராவது தடை சொல்வார்கள். நினைவோடு இருந்திருந்தால் கேட்டிருப்பார் என்று கருதக்கூடிய யாருக்கும் இதைக் கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போன மனிதருக்கு இதில் சந்தேகமே வேண்டாம். பேச்சு போனாலும் பல பேருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். அவர் முன்னால் ‘உசுரு போயிரும்’ என்று பேசாமல் இருங்கள்.

நற்கருணையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆனால் விழுங்க முடிகிறதா என்று டாக்டரிடமோ நர்ஸிடமோ முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பக்கவாதத்தில் தொண்டையும் பாதிக்கப்படுவது உண்டு, புரையேறிவிடும். முடியும் என்றால் அப்பத்தில் ஒரு துணுக்கு போதும். அப்பத்தை விழுங்கவே முடியாதவருக்குத் திராட்சை இரச வடிவில் இருக்கும் திரு இரத்தத்தைத் துளியளவு கொடுக்கவும் வழி இருக்கிறது, பங்குத்தந்தையிடம் கேளுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன், நம் மக்களில் பல பேருக்கு இது தெரியாது. இந்த உலகைவிட்டுப் போகிறவர்களுக்கு என்று திருச்சபை வைத்திருக்கும் அருளடையாளம் பூசுதல் இல்லை, நற்கருணைதான். கடைசிப் பயணத்துக்கான அந்த நற்கருணையை வழியுணவு என்கிறோம். பூசுதல் நோயாளி திடம் பெறுவதற்காக.

பூசினால் எழுந்து நடந்துவிடுவாரா? சில பேர் தேறுகிறார்கள், பல பேர் தேறுவதில்லை. அப்படி ஒரு வாக்குறுதியை உங்களுக்கு நான் கொடுக்க மாட்டேன், கொடுக்கிறவர்களை நம்பவும் வேண்டாம். மன்னிப்பு, மனத்திடம், பயம் தெளிதல், படுக்கையில் கிடந்து படும் பாட்டிலும் கிறிஸ்து கூட இருக்கிறார் என்ற உறுதி, இவை நிச்சயம் உண்டு. ஆன்மாவுக்கு நல்லது என்றால் உடல் நலமும்.

சரி, இனி உங்கள் வீட்டுக்காரரின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டது அவநம்பிக்கையால் இல்லை, யோசிக்கிற மனிதர் என்பதால் கேட்கிறார். அவருக்கு ஒன்றைச் சொல்லுங்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து நீங்கள் வெளியே வரும்போது அவர் கேட்டில் வண்டியோடு நிற்கிறாரே, அதற்குப் பதிலாக வீட்டில் படுத்துக்கொண்டு ‘மனசுல உன்னையேதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்’ என்று சொன்னால் நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா? மனதில் இருக்கிற அன்பு நிஜமாக இருப்பதால்தான் அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். கடவுளும் அப்படித்தான். உன்னை நேசிக்கிறேன் என்று வானத்திலிருந்து சொல்லிவிட்டு இருக்கவில்லை. உடல் எடுத்து வந்தார். இன்றைக்கும் நம் உடலைத் தொடுகிற மாதிரியே வருகிறார்.

உங்கள் வீட்டுக்காரர் தடுமாறுகிற இடம் எனக்குத் தெரிகிறது. நம் பக்தியைக் கடவுளிடம் காட்டத்தான் இந்தச் சடங்குகள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியென்றால் அவர் கேட்பது நியாயம். பக்தியைக் காட்ட வேறு ஆயிரம் வழி இருக்கிறது. ஆனால் அருளடையாளம் நாம் கடவுளுக்குச் செய்வது இல்லை, கடவுள் நமக்குச் செய்வது. தண்ணீர் ஊற்றுகிற கை பங்குத்தந்தையுடையது, கழுவுகிறவர் கிறிஸ்து. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கடிதத்தில் உள்ள மற்றக் கேள்விகள் எல்லாம் தன்னால் வழிக்கு வந்துவிடும்.

நற்செய்தியைப் பாருங்கள். நூற்றுவர் தலைவனின் ஊழியரை இயேசு வீட்டுக்குக்கூடப் போகாமல் ஒரு சொல்லால் குணமாக்கினார். ஆக, சொல் போதும், அவரால் முடியும். இருந்தும் பெரும்பாலும் அவர் அப்படிச் செய்யவில்லை. யாரும் கிட்டப் போகாத தொழுநோயாளியைக் கை நீட்டித் தொட்டார். பிறவிக் குருடரின் கண்ணில் உமிழ்நீரால் சேறு உண்டாக்கிப் பூசி, சிலோவாம் குளத்தில் போய்க் கழுவச் சொன்னார். இறந்துகிடந்த சிறுமியின் கையைப் பிடித்து எழுப்பினார். எழுப்பிய கையோடு அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொன்னார். மனிதன் வெறும் மனம் மட்டும் இல்லை என்பது நம்மைப் படைத்தவருக்குத் தெரியும்.

பழைய ஏற்பாட்டிலும் உங்கள் வீட்டுக்காரரைப் போல ஒருவர் கேட்டிருக்கிறார். சிரியா நாட்டுப் படைத்தலைவன் நாமான். தொழுநோய். யோர்தானில் ஏழு முறை மூழ்கி எழு என்று எலிசா ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினார். நாமானுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் ஊர் ஆறுகள் இதைவிட மோசமா, அங்கே குளித்தால் ஆகாதா என்று கிளம்பிவிட்டான். வேலைக்காரர்கள்தான் தடுத்தார்கள். ஐயா, பெரிய காரியம் ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர்களே, குளி என்றுதானே சொல்கிறார் என்றார்கள். இறங்கிக் குளித்தான், உடல் சிறுபிள்ளையின் உடல்போல ஆனது. நமக்கும் இதுதான் கஷ்டம். மலை ஏறு, பட்டினி கிட, பெரிய நேர்ச்சை செய் என்றால் செய்துவிடுவோம். ஒரு செம்புத் தண்ணீரை வாங்கிக்கொள் என்றால், இவ்வளவுதானா என்று தோன்றுகிறது. வாங்கிக்கொள்வதற்குத்தான் பணிவு அதிகம் வேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபை இவற்றை ஏழு என்று எண்ணுகிறது. 1547இல் திரிதெந்து நகரில் கூடிய ஆயர்கள் சங்கம் அதை உறுதியாக அறிவித்தது. திருமுழுக்கு (ஞானஸ்நானம்), எண்ணெய் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும் கிறிஸ்தவ வாழ்வில் நுழைவதற்கு. ஒப்புரவும் (பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம்) நோயில்பூசுதலும் குணமாவதற்கு. திருமணமும் குருத்துவமும் பிறருக்காக வாழ்வதற்கு. நம் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சகோதரர்கள் ஞானஸ்நானம், திருவிருந்து இரண்டையும் மட்டுமே ஆண்டவர் நேரடியாக ஏற்படுத்தியவை என்று கொள்கிறார்கள். எண்ணிக்கையில் வேறுபாடு இருந்தாலும், தண்ணீர் ஊற்றித் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் அவர்கள் கொடுக்கிற ஞானஸ்நானத்தை நாம் முழுமனதாக ஏற்கிறோம். அங்கிருந்து ஒருவர் நம்மிடம் வந்தால் மறுபடி தண்ணீர் ஊற்றுவது இல்லை.

‘அந்தச் சாமியார் சரியில்லை, அவர் கையில் வாங்க மாட்டேன்’ என்று சொல்கிறவர்களும் உண்டு. உங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு எழலாம். பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன்பே வட ஆப்பிரிக்காவில் இதை வைத்துப் பெரிய பிளவு ஏற்பட்டது. பிற்பாடு அங்கே ஆயராக இருந்த புனித அகுஸ்தீன் அதற்குச் சொன்ன பதில், பேதுரு திருமுழுக்குக் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துதான், யூதாஸ் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துதான் என்பது. குருவின் தப்புக்குக் குரு கணக்குச் சொல்ல வேண்டும், அது வேறு. பெற்ற உங்களுக்கு ஒன்றும் குறையாது.

அதற்காக மந்திரக் கயிறு மாதிரியும் நினைத்துவிடக் கூடாது. வேளாங்கண்ணி எண்ணெய், மந்திரித்த உப்பு, சாம்பல், வீட்டு நிலையில் ஒட்டுகிற குருத்தோலை இவையெல்லாம் நல்ல பக்தி முயற்சிகள். ஆனால் அவை இந்த ஏழில் சேர்ந்தவை அல்ல. அருளடையாளத்தில் கடவுள் கொடுப்பது உறுதி, அது நம் வாழ்க்கையில் பலன் தருவது நாம் மனம் திறந்து பெறுவதைப் பொறுத்தது. உறுதிபூசுதல் வாங்கின அடுத்த ஞாயிறே கோவில் பக்கம் காணாமல் போகிற பிள்ளைகளைப் பார்த்து எனக்கு வருத்தம் உண்டு. பள்ளிக்கூடம் முடித்து டி.சி. வாங்கின மாதிரி போய்விடுகிறார்கள்.

இப்போது பையனுக்கு வருவோம். பத்து மாதம் அதிகம். பிறந்த முதல் சில வாரங்களுக்குள் குழந்தைக்குத் திருமுழுக்குக் கிடைக்கப் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. மண்டபத்துக்காகத் தள்ளிப் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அதை உங்கள் மாமியாரிடமும் மரியாதையோடு சொல்வேன். தள்ளிப்போடுவது பழைய வியாதிதான். நான்காம் நூற்றாண்டில், திருமுழுக்கில் பாவத்தைக் கழுவிய பிறகு மறுபடி பாவம் செய்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து சாகும்வரை தள்ளிப்போட்டார்கள். கான்ஸ்டன்டைன் பேரரசர் 337இல் மரணப் படுக்கையில்தான் திருமுழுக்குப் பெற்றார். அகுஸ்தீனுக்கும் சிறுவயதில் கடும் வயிற்றுவலி வந்தபோது அம்மா மோனிக்கா அவசரமாக ஏற்பாடு செய்தார். வலி நின்றது, அதுவும் நின்றுபோனது. அதன் பிறகு எங்கெங்கோ அலைந்து 387இல் மிலான் நகரில் ஆயர் அம்புரோசின் கையால்தான் பெற்றார். அன்றைக்கே கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அவரே ஆதங்கத்தோடு எழுதியிருக்கிறார். அவர்களாவது பாவத்துக்குப் பயந்து தள்ளிப்போட்டார்கள். நாம் பந்தி பெரிதாக வேண்டும் என்று தள்ளிப்போடுகிறோம்.

செய்ய வேண்டியது எளிது. நீங்கள் குடியிருக்கிற திருப்பூர்ப் பங்குதான் இப்போது உங்கள் பங்கு. அங்கே போய் உங்கள் குடும்பத்தைப் பதிவு செய்யுங்கள். பையனின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் திருமணச் சான்றிதழ் இரண்டையும் கொண்டுபோங்கள். பெற்றோருக்கும் ஞானப் பெற்றோருக்கும் ஒரு வகுப்பு இருக்கும், அதற்குப் போய்விடுங்கள். மாமனாருக்குப் பக்கத்தில், ஊர்க் கோவிலில் வைக்க ஆசை என்றால் திருப்பூர்ப் பங்குத்தந்தையிடம் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். காணிக்கை கொடுக்க இயலாத காரணத்தால் யாருக்கும் அருளடையாளத்தை மறுக்கக் கூடாது என்பதும் சட்டம்தான், ஆகவே கையில் பணம் இல்லை என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். பூசை முடிந்து கோவில் வாசலில் வந்தவர்களுக்கு மிட்டாயும் காப்பியும் கொடுங்கள், போதும். விருந்தை முதல் பிறந்தநாளில் வைத்துக்கொள்ளலாம், மொட்டையடித்துக் காது குத்தும்போது வைத்துக்கொள்ளலாம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, சீரும் மொய்யும் அப்போது நடக்கட்டும். எல்லாருக்கும் உரிய மரியாதை அங்கே கிடைத்துவிடும்.

ஞானத்தாய் விஷயத்தில் நான் நயமாகப் பேசப் போவதில்லை. பதினாறு வயது நிரம்பியிருக்க வேண்டும், நற்கருணையும் உறுதிபூசுதலும் பெற்றிருக்க வேண்டும், விசுவாசத்துக்கு ஏற்ற வாழ்க்கை வாழ வேண்டும், குழந்தையின் தாயாகவோ தந்தையாகவோ இருக்கக் கூடாது. திருச்சபை கேட்பது இவ்வளவுதான். சாதி என்ற சொல் அதில் எங்கும் இல்லை. கிறிஸ்துவுக்குள் திருமுழுக்குப் பெற்ற எல்லாரும் கிறிஸ்துவை உடுத்திக்கொண்டீர்கள், இனி யூதர், கிரேக்கர் என்றும் அடிமை, உரிமையுள்ளவர் என்றும் இல்லை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியது திருமுழுக்கைப் பற்றித்தான். அந்தத் திருமுழுக்குத் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு ‘நம்ம சனமா’ என்று கேட்டால், குழந்தைக்கு என்ன கொடுக்க வந்திருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டோம் என்று அர்த்தம்.

இதில் நம் திருச்சபைக்கும் வலி நிறைந்த வரலாறு இருக்கிறது. ஒதுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த நோயாளிகளின் வீட்டுக்குள் போய் அருளடையாளம் கொடுத்தால் மற்றச் சாதியார் தங்களை ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்து, தமிழகத்தின் மறைப்பணியாளர் சிலர் அந்த வாசலை மிதிக்காமல் இருந்தார்கள். திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் அதைக் கண்டித்து, அந்த வீடுகளுக்கே போய்க் கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் வரை இந்த வழக்கு இழுத்தது. கொஞ்சம் எண்ணிப் பாருங்கள், சாகக் கிடக்கிற ஒருவர் எண்ணெய்க்காகக் காத்திருக்கிறார், சாமியார் தெருமுனையோடு நிற்கிறார். அதே எண்ணெய்ச் சிமிழைத்தான் நாங்கள் இன்றைக்கும் பையில் வைத்திருக்கிறோம். அதனால்தான் ‘நம்ம சனம் இல்லை’ என்ற பேச்சைக் கேட்டுவிட்டுச் சும்மா போக என்னால் முடிவதில்லை.

பிரசவ வலியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்களுக்காக விழித்திருந்த பெண்ணைவிட, உங்கள் பிள்ளையை விசுவாசத்தில் கைப்பிடித்து நடத்தத் தகுதியான ஆள் யார்? அவரையே நிறுத்துங்கள். ஞானத்தந்தையாக வீட்டாருக்குப் பிடித்த ஒருவரை, தகுதி இருந்தால், வைத்துக்கொள்ளலாம். ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்று இரண்டு பேர் இருக்கலாம். தோழி வேறு பங்கைச் சேர்ந்தவர் என்றால் அவர் பங்குத்தந்தையிடமிருந்து ஒரு கடிதம் கேட்பார்கள். வீட்டில் எதிர்ப்பு வலுத்தால் அந்தச் சுமையை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டாம், பங்குத்தந்தையைப் பேசச் சொல்லுங்கள். அது அவருடைய வேலை.

நண்பர் சொன்னதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். விசுவசித்துப் பெற வேண்டும், குழந்தைக்கு விசுவாசம் ஏது என்பது அவர்கள் வாதம். பிலிப்பி நகரில் லீதியாவும் அவர் வீட்டாரும், சிறைக்காவலரும் அவர் குடும்பத்தார் அனைவரும் திருமுழுக்குப் பெற்றதைத் திருத்தூதர் பணிகள் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. வீடு முழுவதுமாகப் பெறுவது தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. அருளடையாளத்தில் செயல்படுகிறவர் கடவுள் என்றால், அவருடைய அன்பை வாங்கக் குழந்தைக்கு வயது ஒரு தடையா? பெற்றோரும் ஞானப் பெற்றோரும் திருச்சபையும் தங்கள் விசுவாசத்தில் அவனைத் தாங்குகிறார்கள். வளர்ந்த பிறகு அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ள வேண்டும் என்பது உண்மை. அதற்காகத்தான் மறைக்கல்வி, புது நன்மை (முதல் முறை நற்கருணை வாங்குவது), உறுதிபூசுதல் எல்லாம். வாக்குவாதம் வேண்டாம், நண்பரையும் திருமுழுக்குக்குக் கூப்பிடுங்கள்.

கடைசியில் நீங்கள் உங்களைப் பற்றி எழுதிய இரண்டு வரியைப் பலமுறை படித்தேன். மற்றவர்களுக்காகப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு உங்களைப் பற்றி இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள். தகுதி இல்லை என்று நன்மை வாங்காமல் இருக்கிறேன் என்கிறீர்கள். நன்மை வாங்கப் போகுமுன் நாம் எல்லாரும் வாய்விட்டு என்ன சொல்கிறோம்? நீர் என் இல்லத்தில் எழுந்தருளி வர நான் தகுதியற்றவள் என்றுதானே? அந்த நூற்றுவர் தலைவன் இயேசுவிடம் சொன்ன வார்த்தையைச் சொல்லாமல் ஒருவரும் நற்கருணை வாங்குவது இல்லை. பீடத்தில் நிற்கிற குருவும் சேர்ந்துதான் சொல்கிறார். நற்கருணை குறையில்லாதவர்களுக்குக் கொடுக்கும் பரிசு அல்ல, பலவீனருக்கு மருந்தும் உணவும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் எழுதினார்.

அதே சமயம் அக்காவின் மேல் உள்ள வெறுப்பை அப்படியே வைத்துக்கொண்டு போய் வாங்குங்கள் என்றும் சொல்ல மாட்டேன். பீடத்தில் காணிக்கை வைக்க வருகிறவன் முதலில் போய்ச் சகோதரனோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளட்டும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். இதற்குத்தான் ஒப்புரவு அருளடையாளம். நிலத்தில் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். நியாயமான பங்கைக் கேட்பது பாவம் இல்லை, வழக்கு நடந்தால் நடக்கட்டும். அக்கா நாசமாகப் போக வேண்டும் என்ற நினைப்பு உள்ளே இருக்கிறதா, அவர் பிள்ளைகள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்களா, அதைத்தான் பாவசங்கீர்த்தனத்தில் வைக்க வேண்டும். திருமுழுக்கு அன்றைக்கு அக்காவையும் கூப்பிடுங்கள். வருவதும் வராததும் அவர் இஷ்டம், கூப்பிட்டது உங்கள் பங்கு.

தெரிந்த சாமியாரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் எந்தக் குருவிடமும் போகலாம். திருப்பூரிலிருந்து கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை கோவில் தூரமில்லை, கோவை போகிற வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். பூசை நேரத்துக்கு அரைமணி முன்னால் போய்க் கேளுங்கள். எப்படி ஆரம்பிப்பது, மந்திரம் எல்லாம் மறந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். ‘ரெண்டு வருசமாச்சுங்க சாமி, எப்படிச் சொல்றதுன்னு தெரியல’ என்று சொன்னால் போதும், மற்றதை அவர் கேட்டுக்கொள்வார். பையனை விட்டுவிட்டு வர ஆள் இல்லை என்றால் தூக்கிக்கொண்டே போங்கள். நடுவில் அழுதால் அழட்டும்.